சேரர்க்குப் பெண் கொடுத்த பொதினி மலை

பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை தந்த கதைதான் நம் நினைவுக்கு வரும். அந்த ஒரு கொடை அவனுடைய அரசியலையே மறைத்துவிட்டது.

வையாவிக் கோப்பெரும் பேகன், ஆவியர் குடியில் வந்த வேளிர் தலைவன். அவனுடைய பொதினிதான் இன்றைய பழனி. மலை தந்த வளம் மட்டும் அல்ல, அடிவாரத்தில் தொழிலும் செழித்திருந்தது. பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஒரு கலத்தில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என ஆய்வில் தெரிந்தது. மேலே தாண்டிக்குடிப் பக்கம் கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. பேகனுக்கு முன்பே மக்கள் வேரூன்றி வாழ்ந்த மண் இது. அண்டை அரசர்களின் கண் இதன்மேல் படாமல் இருந்திருக்குமா?

புறநானூற்றில் பேகனைப் பற்றி 141 முதல் 147 வரை ஏழு பாடல்கள் உள்ளன. அவற்றில் ஐந்து, மனைவி கண்ணகியை அவன் பிரிந்து வாழ்ந்ததைக் கண்டு மனம் பொறாத புலவர்களின் வேண்டுகோள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காகப் பேசினார்கள். நால்வரையும் பதிற்றுப்பத்திலும் பார்க்கிறோம். ஆளுக்கு ஒரு சேர மன்னனைப் பாடியவர்கள். சேரர் அவையில் மதிப்புப் பெற்ற புலவர்கள் ஒரு மலைநாட்டுத் தலைவனின் குடும்பத்துக்காக இத்தனை உருகியதில், இரக்கத்தோடு, சேரர்க்கும் ஆவியர்க்கும் இருந்த உறவின் உரிமையும் கலந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

அந்த உறவைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் காட்டுகின்றன. களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், பெருஞ்சேரல் இரும்பொறை ஆகிய மூவருமே ஆவியர் குடிப் பெண்கள் பெற்ற பிள்ளைகள். அதாவது ஆவியர் தலைவனான வேளாவிக் கோமானின் வீடு சேரர்க்குத் தாய்வீடு.

கடையெழு வள்ளல்களில் மற்றவர்களின் முடிவை நினைத்துப் பாருங்கள். பாரியின் பறம்பை மூவேந்தரும் சூழ்ந்தார்கள். ஓரியைக் காரி கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். அதியமானின் தகடூரை அழித்தவனோ பெருஞ்சேரல் இரும்பொறை, ஆவியர் மகள் வயிற்றுப் பிள்ளை! வேளிர் குடியொன்றின் பேரனே இன்னொரு வள்ளலின் கோட்டையைத் தகர்த்தான். சேரரோடு கொண்ட மண உறவுதான் ஆவியர்க்கு அரணாக நின்றது என்று நம்புகிறேன். வேலைவிட வலிய அரண் அது.

'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியை இரும்பொறைக்குத் தந்த அந்தப் போரை அடுத்த வாரம் பார்ப்போம்.