புரோக்கரின் கொப்பி: வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு தேடிய கதை

போன வருஷம் நானும் ஒரு நண்பனும் வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்று தேடித் திரிந்தோம். ரெலிபோனை எடுத்த முதல் புரோக்கர் வாடகை எவ்வளவு என்று சொல்லவே இல்லை. முதலில் ஐந்து கேள்வி கேட்டார். "தம்பி சொந்த இடம் எவடம்? வேலை எங்க? சைவமா வேதமா? எத்தினை பேர்? பொலிஸ் பதிவுக்குப் பேப்பர் எல்லாம் இருக்கோ?"

கோபம்தான் வந்தது. 2009 இல் போர் முடிந்துவிட்டது, இன்னும் என்ன பதிவு? ஆனால் அடுத்தடுத்து அழைத்த எல்லாப் புரோக்கர்மாரும் ஏறக்குறைய அதே வரிசையில் அதே கேள்விகளைக் கேட்டபோது, இது தனி ஆளின் குணமில்லை, ஒரு தொழிலின் பழக்கம் என்று விளங்கியது. பழக்கம் என்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்கவேண்டும். அந்த வரலாற்றைத் தேடியதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

கடைசியில் எங்களுக்கு வீடு எடுத்துத் தந்தவர் ஒரு வயதான புரோக்கர். அவரிடம் 80 பக்கக் கொப்பி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் வீடு தேடுகிற ஆட்கள். நடுவில் அவருக்கு மட்டும் விளங்கும் குறிகள். "இதுதான் தம்பி என்ட கடை" என்றார்.

பூட்டிய வீடுகள்

வீட்டுத் தரகு பெரிய தொழிலாக வளர, வீடு கிடைப்பது கஷ்டமாக இருக்கவேண்டும். கொழும்பில் அந்தக் கஷ்டத்துக்குச் சட்டமும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வாடகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. வாடகையை நினைத்தபடி கூட்ட முடியாது, குடியிருப்பவரை லேசில் எழுப்பவும் முடியாது. அடுத்த வருஷமே வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், மிச்சம் அரசுக்கு. அப்போது வீடமைப்பு அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். வாடகைக்கு இருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தச் சட்டங்கள் பெரிய பாதுகாப்பு. அதை மறுக்க முடியாது.

ஆனால் சொந்தக்காரர் மனதில் ஒரு பயமும் குடியேறியது. "ஒருக்கா விட்டா திரும்பி வராது" என்ற பயம். எனவே தெரியாத ஆளுக்கு வீடு கொடுப்பதில்லை. கொடுத்தாலும் சட்டம் தடுத்த 'கீ மணி'யை மேசைக்குக் கீழால் வாங்குவது. காணி விற்கிறது என்றால் 1840 இலிருந்தே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். மாத வாடகைக்கு அப்படி ஒன்றும் தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். அந்த வாய்ப்பேச்சுக்கு நடுவில் நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டார். இரண்டு பக்கத்தையும் தெரிந்தவர், "நல்ல ஆக்கள், நான் சொல்லுறன்" என்று சொல்லக்கூடியவர். புரோக்கர் விற்றது அந்தச் சொல்லைத்தான்.

வேறொரு பட்டியல்

1983 ஜூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகளைத் தேடி வேறொரு பட்டியல் வந்தது. ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தைப் பக்கம் தொடங்கிய வன்முறை அடுத்த நாள் வெள்ளவத்தைக்குள் இறங்கியது. கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது அந்த நாட்களைப் பற்றிய பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த இலக்கத்தில் தமிழர் இருக்கிறார்கள், சொந்த வீடா, சிங்களவரிடம் எடுத்த வாடகை வீடா என்று பார்த்து எரித்தார்கள். வாடகை வீடென்றால் சாமான்களை மட்டும் தெருவில் போட்டுக் கொளுத்திய இடங்களும் உண்டு.

அதன் பிறகு நடந்ததைப் பற்றி நாங்கள் குறைவாகவே கதைக்கிறோம். பாதிக்கப்பட்ட வீடுகளையும் கடைகளையும் தொழிற்சாலைகளையும் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. அவற்றைப் பார்க்க 'ரெப்பியா' என்று ஒரு அதிகாரசபை. எரிந்த வீட்டின் சொந்தக்காரர் தன் வீட்டைத் திரும்ப எடுக்க அந்தக் கந்தோருக்கு விண்ணப்பத்தோடு போகவேண்டும். பலர் அதற்கும் நிற்கவில்லை. 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். பிறகு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும்.

போனவர்களின் வீட்டைப் பார்க்கவும் விற்கவும் இங்கே நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. சிலருக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். சிலருக்குப் புரோக்கர்தான். நேர்மையாகக் காசு அனுப்பினவரும் உண்டு, அந்தரத்தில் நின்றவரின் காணியை அறா விலைக்கு வாங்கிக் கொடுத்தவரும் உண்டு. இரண்டையும் செய்தது ஒரே தொழில்தான்.

லொட்ஜும் படிவமும்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தைக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் வெளிநாட்டுக்கு மகனை அனுப்ப வந்த தாய், விசாவுக்குக் காத்திருக்கும் மணப்பெண், கண் ஒப்பரேஷனுக்கு வந்த தாத்தா என்று கொழும்பு வந்து இறங்கியவர்கள் ஆயிரம் வகை. இவர்களுக்கு வருஷக் கணக்கில் வீடு தேவையில்லை. ஒரு கிழமையோ ஆறு மாதமோ, எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது.

அதற்குத்தான் லொட்ஜ்கள். வெள்ளவத்தையில் மட்டுமில்லை, கொட்டாஞ்சேனையிலும்.

கொட்டாஞ்சேனைக்கு அதைவிடப் பழைய கதை உண்டு. 1875 இல் அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கித் துறைமுகம் பெருத்தபோது, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்த பணக்காரர் மெல்ல மெல்லக் கறுவாத்தோட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன பெரிய வளவுகள் துண்டு துண்டாகின. ஒரு வீட்டில் பல குடும்பம், ஒரு வளவில் பல வீடு. செட்டியார் தெரு நகைக்கடையிலும் புறக்கோட்டை மொத்தக் கடையிலும் வேலைசெய்ய மலையகத்திலிருந்து வந்த பொடியன்களுக்குக் கிடைத்தது அந்தத் துண்டுகளில் ஒரு அறை. வெள்ளவத்தைப் புரோக்கர் குடும்பம் பார்த்தார், கொட்டாஞ்சேனைப் புரோக்கர் கட்டில் எண்ணிக்கை பார்த்தார் என்று சொல்லலாம்.

1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு சோதனைகள் இன்னும் கடுமையாகின. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். பதியாத ஆள் இருந்தால் வீட்டுக்காரருக்கும் பிரச்சினை. தமிழ் வீட்டுக்காரரே தமிழ்ப் பொடியனுக்கு அறை கொடுக்கப் பயந்தார். "எவடம்?" என்ற கேள்விக்கு அப்போதுதான் இன்னொரு அர்த்தம் வந்தது. முன்பு அது ஊரும் உறவும் அறியும் கேள்வி. அதற்குள் சாதி அறியும் வேலையும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. இப்போது அது "உன்னால் எனக்கு ஆபத்து வருமா?" என்ற கேள்வியும் ஆனது.

படிவம் நிரப்புவது, பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவது, சிங்களத்தில் கதைப்பது எல்லாம் புரோக்கரின் வேலைக்குள் வந்தன. அவர் எடுத்த கொமிஷனில் ஒரு பங்கு இந்தப் பயத்தைச் சுமந்ததற்கான கூலி.

பதிந்தவர்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் லொட்ஜ்களுக்குள் புகுந்து, கொழும்பில் இருக்கத் 'தகுந்த காரணம்' இல்லை என்று 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் நீதிமன்றம் போனது, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. சில நாளில் அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். காசு கட்டி எடுத்த கட்டிலில் படுத்திருந்தவருக்கு உடுப்பு எடுக்கவும் நேரம் இல்லாத அந்த விடியலுக்கு, வருத்தம் போதுமா என்பது வேறு கேள்வி.

நாலாம் மாடி

போருக்குப் பிறகு வெள்ளவத்தை மேல்நோக்கி வளர்ந்தது. பழைய வெள்ளவத்தை நூல், நெசவாலைக் காணியில் ஹவ்லொக் சிற்றி எழும்பியது. ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் உடைந்து தொடர்மாடிகள் வந்தன. புரோக்கரும் மாறவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பரப்பைக் கொழும்புப் பேர்ச்சாக மாற்றிச் சொல்வது (ஒரு பரப்பு 10 பேர்ச்) பழைய வித்தை. இப்போது சதுர அடி, லிப்ற், பார்க்கிங், கடல் தெரியுமா?

சட்டமும் தெரியவேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணி எழுத முடியாது, ஆனால் 2018 வரை தொடர்மாடியில் நாலாம் மாடியும் அதற்கு மேலும் விலக்காக இருந்தது. 1983 இல் ஓடிப்போய் கனடாப் பிரஜையாகி, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காத ஒருவர் அப்போது தான் பிறந்த ஒழுங்கைக்குத் திரும்பி வந்திருந்தால், அவருக்கு மண்ணில் இடமில்லை, நாலாம் மாடியில் இருந்தது!

அந்த வீடுகளில் பல சீதனமாகவும் எழுதப்படுகின்றன. அங்கே இன்னொரு பழைய சட்டம் காத்திருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் பெயரிலுள்ள வீட்டை விற்க, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடு கொழும்பில் இருந்தாலும் அதுதான் நிலை. பெண்ணின் பெயரில் உறுதி, ஆணின் கையில் பேனை. அனுபவப்பட்ட புரோக்கர், விற்க வரும் அக்காவிடம் முதலில் கேட்பது "அத்தான் எங்க இருக்கிறார்?" என்பதுதான்.

போட்டி மட்டும் மாறவில்லை. ஒரே வீடு பத்துப் புரோக்கரின் கையில் இருக்கும், யாருக்கும் தனி உரிமை இல்லை. விற்றால் வழக்கமாக நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம், வாடகையென்றால் ஒரு மாதமோ அரை மாதமோ. பிந்தினவருக்குப் பூச்சியம். அதனால்தான் வீட்டு இலக்கத்தைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள், காலி வீதிச் சந்தியில் நிற்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். 2012 இல் இக்மன் தளம் வந்த பிறகு, ஞாயிறு வீரகேசரி விளம்பரத்துக்கு இருந்த மவுசு குறைந்தது. புரோக்கர் குறையவில்லை. படத்தை யாரும் போடலாம், "நான் சொல்லுறன்" என்று யார் சொல்வது?

சிங்கப்பூரில் 2010 இலிருந்து முகவர்மாரைப் பதியவும் கண்காணிக்கவும் ஒரு சபை இருக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பதியச் சொல்கிறது. எங்கள் புரோக்கர்மாருக்கு அனுமதிப் பத்திரமாக இருந்தது ஊர் வாய்தான். ஏமாற்றுப்பட்டவருக்கு முறையிட வாசல் இல்லை. அதே நேரம், எந்தப் பரீட்சையும் எழுதாத ஒரு மனுசன் பயந்த காலத்தில் பயந்த ஆட்களுக்குக் கூரை எடுத்துக் கொடுத்தார் என்பதும் உண்மை.

ஒரு நாட்டில் நாம் எங்கே இருக்கிறோம் என்று எழுதி வைத்த பட்டியல்கள் பல. வாக்காளர் இடாப்பு எரிக்க உதவியது. பொலிஸ் படிவம் பஸ்ஸில் ஏற்றுவதைத் தடுக்கவில்லை. புரோக்கரின் கொப்பி குடியமர்த்தியது. ஆனால் அந்தக் கொப்பியும் சுத்தமில்லை. "முஸ்லிம் வேண்டாம்", "தோட்டத்து ஆக்கள் வேண்டாம்", "தனிப் பெண்பிள்ளை வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் அந்தக் குறிகளுக்குள் இருக்கிறது. எங்களை வெளியே தள்ளிய அதே கேள்விகளை நாங்கள் கொஞ்சம் மாற்றி அடுத்தவரிடம் கேட்கப் பழகிவிட்டோம்.

அனெக்ஸுக்குக் குடிவந்த அன்று அந்தப் புரோக்கரிடம் பழைய கொப்பிகள் இருக்கா என்று கேட்டேன். "வருஷம் முடிய எரிச்சுப்போடுவன் தம்பி" என்றார். "ஆற்ற கையில போய்ச் சேருமோ எண்டு அந்தக் காலத்துப் பயம். இப்ப பழகிப்போச்சு."