எலிமருந்தின் நெடும்பயணம்

திருப்பூரில் பல்லடம் சாலையில் இருக்கும் வீரபாண்டியின் மெடிக்கல் கடைக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்த மாத்திரை வந்து சேர்ந்த பாதை மாட்டுத்தீவனத்தில் தொடங்குகிறது.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனம்தான் காரணம். 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பால்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் பனிப்புயலில் ஏற்றிவந்து கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்தில் இறக்கினார். 1939இல் அங்கே அந்தத் தீவனத்திலிருந்து, இரத்தத்தை உறையவிடாத டைகூமரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வாரிசான வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் அனுமதி பெற்றது. நம்மூர்ச் சீட்டுகளில் அதிகம் தென்படுவது இதன் பங்காளியான அசிட்ரோம். முடக்குக்காய்ச்சலில் வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு ஆயுள் முழுக்க இந்த வகை மாத்திரைதான். புதிய மருந்துகள் அங்கே செல்லாது.

மாத்திரையின் கடைசிப் பயணம் கல்லீரலுக்குள். விசித்திரமும் அங்கேதான். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினைப் புதுப்பித்துத் தரும் நொதியை மாத்திரை முடக்குகிறது. மாத்திரையைச் சிதைத்து வெளியேற்ற இன்னொரு நொதி. இரண்டும் பரம்பரையாக ஆளுக்கு ஆள் வேறு. முதல் நொதி சீனர் பலரிடம் எளிதில் முடங்கும் வகை. அவர்களுக்குச் சிறிய அளவே போதும். ஆனால் சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களுக்கு அதிகம் தேவைப்படுவதை அங்குள்ள மருத்துவர்கள் 2006இல் எழுதினார்கள். சிதைக்கும் நொதி தமிழரிடையே எப்படி மாறுபடுகிறது என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ந்திருக்கிறது. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரின் அளவை விசாரிப்பதில் பொருளே இல்லை.

ஆரம்ப நாட்களில் ஒரு கண்கட்டும் உண்டு. ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் புரதங்களை மாத்திரை தொடாது. அவற்றில் ஏழாம் காரணி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். புரோத்ராம்பின் பாதியாகவே இரண்டரை நாள் ஆகும். இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இரண்டாம் நாளே ஏறினாலும் காப்பு முழுமையாகியிருக்காது. அதனால்தான் உடனடிக் காப்பு தேவைப்படுபவருக்கு ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள். 'கேக்கலீங்க டாக்டர்' என்ற பேச்சுக்கு அளவைக் கூட்டினால் அடுத்த வாரம் ஈறில் இரத்தம் கசியும்.

திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஐ.என்.ஆர். பார்க்கும் இரத்தப் பரிசோதனை என்றால் அரை ஷிப்ட் கூலி போச்சு. தள்ளிப்போடுகிறார், எனக்கு அவர்மேல் கோபமில்லை, காலையில் ஏழு மணிக்கே இரத்தம் எடுக்காத லேப் மீதுதான். இதற்கு நடுவே, 'மேலு வலிக்குதுங்ணா, ஒரு மாத்திர குடுங்க' என்று கடையில் கேட்பார். வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கி, தட்டணுக்களையும் மந்தமாக்கும். அசிட்ரோம் எடுப்பவருக்கு அது இரட்டை ஆபத்து. முருங்கைக்கீரையைத் திடீரென்று தினமும் சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் கே எதிர்த்திசையில் இழுக்கும். கீரையை விடவேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால், மாத்திரை அளவை அதற்கேற்ப டாக்டர் சரிசெய்துகொள்வார்.