மெரிலாண்ட் முருகனும் உதயா சேவலும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் லேப்டாப்பில் ஏதோ ஒரு பழைய மலையாளப் படத்தைத் திறந்தாள். எடுத்தவுடனே மயிலோடு முருகன் வந்தார். "அப்பா, இது தமிழ்ப் படமா, மலையாளப் படமா?" என்றாள். மலையாளம்தான் என்றேன். "அப்ப முருகன் எதுக்கு வர்றார்?"

சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்கிற கேள்விதான் அது. நீ தமிழா, மலையாளியா?

எனக்குச் சொந்த ஊர் பனச்சமூடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம், கேரள எல்லை. ஒரு கடையில் தமிழில் சாமான் வாங்கிவிட்டு அடுத்த கடையில் மலையாளத்தில் விலை பேசுவோம். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே நாடு. 1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு எங்கள் வாசலில் விழுந்தது.

மலையாள சினிமாவின் ஆரம்பக் கதை மொத்தமும் அந்தக் கோட்டுக்கு முன்னால் நடந்தது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் என்ற பல் மருத்துவர், நிலத்தை விற்று திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு ஸ்டூடியோ போட்டார். முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' அங்கேதான் உருவானது. வெளிவந்த ஆண்டை 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. இரண்டாவது படம் 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. அதைத் தயாரித்த சுந்தர்ராஜ் டேனியலின் உறவினர். நாவலின் உரிமை பற்றிய வழக்கில் அந்தப் படமும் முடங்கியது. 1938-ல் முதல் பேசும் படம் 'பாலன்' வந்தது. அதை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், முதலாளி டி.ஆர். சுந்தரம். அதன் பிறகும் பல வருஷம் மலையாளப் படம் எடுக்க வேண்டும் என்றால் சேலம், கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று ரயில் ஏற வேண்டும். பாட்டு, கதை, நடிப்பு எல்லாவற்றிலும் அந்த ஊர்களின் வாடை அடித்ததில் ஆச்சரியம் என்ன?

இதை இரண்டு பேர் மாற்றினார்கள். 1947-ல் ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டூடியோ. 1951-ல் திருவனந்தபுரம் நேமத்தில் மெரிலாண்ட். மெரிலாண்டை ஆரம்பித்த பி. சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர்! சின்ன வயதில் நெய்யாற்றின்கரை வழியாக பஸ்ஸில் போகும்போது நேமம் வந்ததும் என் அப்பா, "இங்கதாம்ல மெரிலாண்ட்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மெரிலாண்ட் படம் என்றால் தொடக்கத்தில் முருகன். உதயா படம் என்றால் உருண்டை மேல் நின்று கூவும் சேவல். மயிலும் முருகனும் நேமத்தில் இருக்க, கொடியில் இருந்த சேவல் மட்டும் ஆலப்புழைக்குப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்துக் கேமராவையும் ஒலிக்கருவியையும் வெளியே தூக்கிக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை. காடு, அரண்மனை, கைலாசம் எல்லாம் ஸ்டூடியோவுக்குள் செட்தான். போட்ட முதல் திரும்ப வர வேண்டுமானால் ஃப்ளோர் சும்மா கிடக்கக் கூடாது. அதனால் ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகளாகப் பார்த்து எடுத்தார்கள். உதயா வடக்கன் பாட்டுக் கதைகளைப் பிடித்துக்கொண்டது. 1961-ல் வந்த 'உண்ணியார்ச்ச' ஒரு உதாரணம். மெரிலாண்ட் புராணப் படங்களில் பேர் வாங்கியது. 1969-ல் 'குமார சம்பவம்' கேரள அரசின் சிறந்த படத்துக்கான முதல் விருதைப் பெற்றது. 1975-ல் 'சுவாமி ஐயப்பன்' பெரிய வெற்றி. சத்யன் என்ற மகா நடிகரை ஜனங்கள் முதலில் திரையில் பார்த்ததும் மெரிலாண்டின் 'ஆத்மசகி'யில்தான், 1952-ல்.

கோடு வருவதற்கு முன்னால் எல்லாரும் ஒண்ணாகத்தான் இருந்தோம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. 'விகதகுமாரனில்' நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். அதைப் பொறுக்காதவர்கள் தியேட்டரில் கலாட்டா செய்தார்கள். அவரை ஊரை விட்டே விரட்டினார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் போய் ஒதுங்கி வாழ்ந்தார். மாநிலக் கோடு வருவதற்கு முன்பே சாதிக் கோடு இருந்தது.

டேனியலை மாநிலக் கோடு பிடித்தது. எல்லாம் இழந்து வயதான காலத்தில் அகஸ்தீஸ்வரத்தில் இருந்தவருக்கு, தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி கேரளத்தின் உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975-ல் இறந்தார். 1992-ல் இருந்து மலையாள சினிமாவில் வாழ்நாள் சாதனைக்குக் கேரள அரசு கொடுக்கும் விருதுக்கு அவர் பெயர்தான்! 2013-ல் 'செல்லுலாய்ட்' என்று அவரைப் பற்றிப் படமும் வந்தது. ஆள் போன பிறகு அவரை எங்களவர் என்று சொல்ல எந்தக் கோடும் தடுக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நாம யாருப்பா?" என்றாள்.

"முருகன் வர்ற மலையாளப் படம் மாதிரி மோளே" என்றேன். சிரித்துவிட்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்தான்.