காத்திருப்பதற்கு மட்டும் பொது விதி இல்லை

டிரங்க் கால் நாட்கள் நினைவிருக்கிறதா? தபால் ஆபீசில் நம்பரைக் கொடுத்துவிட்டு, பெயரைக் கூப்பிடும்வரை பெஞ்சை விட்டு நகர முடியாது. வீட்டில் போன் இருந்தவர் புக் செய்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். மணி அடித்தால் எடுப்பார். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதிலும் இதே சிக்கல்தான். என் தலை நரைத்ததில் அதற்கும் பங்குண்டு.

1983-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் 'சாக்கெட்' வந்தது. புரோகிராமை நெட்வொர்க்கில் செருகும் பிளக் பாயின்ட் மாதிரி. பல இணைப்புகளில் எதில் தகவல் வந்திருக்கிறது என்று கேட்க 'செலக்ட்' கட்டளையும் கூடவே வந்தது.

விண்டோஸில் கதை வேறு. நெட்வொர்க் மென்பொருள் விற்ற ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கட்டளைத் தொகுப்பு வைத்திருந்தது. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. ஜேஎஸ்பி நிறுவனத்தின் மார்ட்டின் ஹால் 1991-ல் பொது விதி ஒன்றை முன்மொழிந்தார். மைக்ரோசாஃப்ட், சன் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து எழுதிய 'வின்சாக்' 1.1, 1993 ஜனவரியில் வந்தது.

அடிப்படை பெர்க்லி சாக்கெட்தான். ஆனால் விண்டோஸ் 3.1-ல் ஒரு புரோகிராம் வழிவிட்டால்தான் அடுத்தது ஓடும். ஒன்று காத்து நின்றால் எல்லாமே நின்றுவிடும். அதனால் தகவல் வந்ததும் புரோகிராமுக்குச் செய்தி அனுப்பும் தனி முறையைச் சேர்த்தார்கள். அது யூனிக்ஸில் கிடையாது. பேசும் விதி ஒன்றானது. காத்திருக்கும் விதி அன்றே பிரிந்தது.

பிறகு பிளவு பெரிதானது. 1994-ல் வந்த விண்டோஸ் என்டி 3.5, 'வேலையைக் கொடு, முடித்ததும் சொல்கிறேன்' என்றது. ஃப்ரீபிஎஸ்டியின் 'கே-க்யூ' (2000), லினக்ஸின் 'ஈ-போல்' (2002) இரண்டும், 'தகவல் வந்துவிட்டது, நீயே எடுத்துக்கொள்' என்றன. 2001-ன் போசிக்ஸ் தரநிலையில் இருந்தவை பழைய செலக்டும் போலும்தான். அவை ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் துழாவும். பத்தாயிரம் இணைப்பு என்றால் மூச்சு வாங்கும்.

நாங்கள் ஒரே புரோகிராமில் காத்திருக்கும் பகுதியை மட்டும் இரண்டு முறை எழுதினோம். ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் ஆறு மாதம் கிடந்தது.

2011-ல் நோட்.ஜேஎஸ்ஸை விண்டோஸுக்குக் கொண்டுபோனபோது 'லிப்-யூவி' பிறந்தது. மூன்று முறைகளையும் உள்ளே மறைத்து, வெளியே ஒரே முகம் காட்டியது. தரநிலை செய்யாததை அந்தத் தொகுப்பு செய்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.