மொன்செகூர்: பதினைந்து நாள் தவணை

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரப் பாறை உச்சியில் மொன்செகூர் கோட்டை நிற்கிறது. பாதை செங்குத்து. நல்ல சப்பாத்தோடு போங்கள்.

13ஆம் நூற்றாண்டில் கத்தார்கள் இங்கே அடைக்கலம் தேடினார்கள். (கட்டார் நாட்டுக்கும் இவர்களுக்கும் தொடர்பே இல்லை.) கண்ணால் காணும் இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பிய கிறிஸ்தவர்கள் இவர்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது பெருங்குற்றம். 1242இல் இக்கோட்டை வீரர்கள் திருச்சபையின் விசாரணை அதிகாரிகளைக் கொன்றார்கள். மறு ஆண்டு மே மாதம் பிரெஞ்சு அரச படை மலையைச் சுற்றிவளைத்தது.

பத்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். 1244 மார்ச்சில் சரணடைந்தபோது பதினைந்து நாள் தவணை கிடைத்தது. நம்பிக்கையைக் கைவிட்டால் விடுதலை, மறுத்தால் நெருப்பு. என்னை உலுக்குவது அந்தப் பதினைந்து நாட்கள்தான். சாவு நிச்சயம் என்று தெரிந்தும் இருபது பேரளவில் அப்போதுதான் கத்தார்களாகத் தீட்சை பெற்றார்கள். அவர்களில் ஒருவர் கோட்டைத் தலைவர் ரேமோனின் மனைவி கோர்பா. மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். கோர்பாவோடு மகள் எஸ்கிளார்மோந்தும். ரேமோன் உயிர் தப்பி, பின்னர் விசாரணையில் சாட்சியம் சொன்னார்.

முதல் தடவை போனபோது அந்தச் சுவரைத் தொட்டு நான் கண்கலங்கினேன். ஆனால் அது அவர்களுடைய சுவரே அல்ல! வென்றவர்கள் பிற்பாடு கட்டியது. கத்தார்களின் வீடுகள் இருந்த இடம் மதிலுக்கு வெளியே, மலைச்சரிவில். இடுப்பளவுகூட இல்லாத அத்திவாரங்கள், புல்லுக்குள். இரண்டாம் தடவைதான் அவற்றைக் கண்டேன்.