போர்ஷே 944 மாற்றுச் சக்கரங்களும் டயர்களும்

போர்ஷே 944 மகிழுந்தின் மாற்றுச் சக்கரங்களும் டயர்களும் பற்றிய இக்கட்டுரை, பழைய 944 வண்டிக்கு வேறு அலாய் சக்கரங்களையும் புதிய டயர்களையும் தெரிவு செய்கையில் கவனிக்க வேண்டிய அளவுகளை விளக்குகின்றது. 944 என்பது செருமனியின் போர்ஷே நிறுவனம் 1982 முதல் 1991 வரை உற்பத்தி செய்த இரு கதவு விளையாட்டு மகிழுந்து ஆகும். இவ்வகையில் 1,60,000 க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இவற்றுள் பெரும்பாலானவை நெக்கர்சுல்ம் நகரில் உள்ள ஆடி தொழிற்சாலையில் உருவாயின.

இவ்வண்டிகள் யாவும் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. சக்கரம் வளைந்தோ வெடித்தோ போகும்போது உரிமையாளர்கள் பழைய சந்தையில் வேறு சக்கரங்களைத் தேடுகின்றனர். பல போர்ஷே வண்டிகளின் சக்கரங்கள் 944 இன் மரைத்தண்டுகளில் எளிதில் ஏறிவிடும். ஆனால் பூட்ட முடிகின்ற சக்கரம் யாவும் பொருந்தும் சக்கரம் அல்ல. தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள இரு சக்கரங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத 29 மிமீ வேறுபாடு இருக்கலாம். அவ்வேறுபாடு வண்டியின் பிரேக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றின் நடத்தையை மாற்றக்கூடியது.

சக்கரத்தின் அடிப்படை அளவுகள்

ஒரு சக்கரத்தைப் பின்வரும் அளவுகள் வரையறுக்கின்றன.

- துளை வட்ட விட்டம்: மரைத்தண்டுகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டம். 944 இல் ஐந்து தண்டுகள் 130 மிமீ வட்டத்தில் உள்ளன. இது 5×130 என எழுதப்படும். அடிப்படை 924 வண்டியின் 4×108 சக்கரங்கள் இதில் ஏறா.
- நடுத்துளை: சக்கரம் குடத்தின் மீது அமரும் துளை. 944 இல் இதன் விட்டம் 71.6 மிமீ ஆகும். இது பெரிதாக இருந்தால் சக்கரம் மையத்தில் அமராது அதிரும்.
- விளிம்பின் அகலமும் விட்டமும்: இவை அங்குலத்தில் தரப்படும். 7 ஜே × 16 என்பது 7 அங்குல அகலமும் 16 அங்குல விட்டமும் ஆகும்.
- விலகல் அளவு: ஆஃப்செட் எனப்படும் இது, குடத்தைத் தொடும் முகத்திற்கும் விளிம்பின் நடுக்கோட்டிற்கும் இடையே உள்ள தொலைவு. செருமானியச் சக்கரங்களில் ஈ.டி. என்ற எழுத்துகளுடன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண் கூடினால் சக்கரம் உள்நோக்கிச் செல்லும். குறைந்தால் வெளிநோக்கி வரும்.

1987 ஆம் ஆண்டின் மாற்றம்

944 இல் 1986 ஆம் ஆண்டு மாதிரி வரை விலகல் அளவு 23.3 மிமீ ஆக இருந்தது. 1987 மாதிரியில் ஏபிஎஸ் பிரேக்கு அறிமுகமானபோது முன்பக்கத் தொங்கல் அமைப்பின் வடிவியல் மாற்றப்பட்டது. அதன் பின்னர் விலகல் அளவு 52.3 மிமீ ஆகவும், 7 அங்குல அகலமுள்ள 16 அங்குலச் சக்கரங்களில் 55 மிமீ ஆகவும் உயர்ந்தது. உரிமையாளர்கள் இவற்றை முறையே முந்தைய விலகல், பிந்தைய விலகல் என அழைக்கின்றனர்.

சக்கரம் திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையை ஒரு புள்ளியில் தொடும். அப்புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவிற்கும் இடையே உள்ள தொலைவு தேய்ப்பு ஆரம் எனப்படும். அப்புள்ளி தடத்தின் நடுவிற்கு வெளியே அமைந்தால் அது எதிர்மத் தேய்ப்பு ஆரம் ஆகும். ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கச் சக்கரம் உலர்ந்த தரையிலும் இருக்கும்போது பிரேக்கு பிடித்தால், பிடிப்பு மிகுந்த பக்கம் வண்டியை இழுக்கும். எதிர்மத் தேய்ப்பு ஆரம் ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பி இவ்விழுப்பைக் குறைக்கின்றது. 1987 மாற்றத்தின் நோக்கம் இதுவே.

தவறான சக்கரத்தைப் பூட்டுவதால் ஏற்படும் விளைவுகள் வருமாறு:

- பிந்தைய வண்டியில் முந்தைய சக்கரம்: சக்கரம் ஏறத்தாழ 29 மிமீ வெளியே வரும். டயர் மட்கார்டில் உரசலாம். குடத்தின் பேரிங்கு மீது நெம்பு விசை கூடும். தேய்ப்பு ஆரம் மாறுவதால் பிரேக்கு பிடிக்கும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும்.
- முந்தைய வண்டியில் பிந்தைய சக்கரம்: சக்கரம் அதே அளவு உள்ளே சென்று தொங்கல் அமைப்பின் உறுப்புகளில் இடிக்கும். இதற்குக் குடத்தின் மீது மையமாக அமரும் தடித்த இடைத்தட்டும் அதற்கேற்ற நீண்ட மரைத்தண்டுகளும் தேவை.

வண்டி எந்த ஆண்டு மாதிரி என்பதை அடிச்சட்ட எண்ணின் பத்தாவது இடத்தில் உள்ள எழுத்தைக் கொண்டு அறியலாம். 1986 மாதிரிக்கு ஜி என்ற எழுத்தும் 1987 மாதிரிக்கு எச் என்ற எழுத்தும் வரும். பதிவு ஆண்டை மட்டும் நம்புவது தவறாகலாம். 1986 இன் பிற்பகுதியில் செய்யப்பட்ட வண்டி 1987 மாதிரியாக இருக்கக்கூடும். முன் உரிமையாளர் சக்கரத்தை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், ஏற்கனவே உள்ள சக்கரத்தைப் பார்த்து முடிவு செய்வதும் பாதுகாப்பானதன்று.

தொழிற்சாலை அளவுகள்

- அடிப்படை 944: 7 ஜே × 15 சக்கரத்தில் 185/70 அல்லது 195/65, சில சந்தைகளில் 215/60.
- 944 டர்போ: முன்பக்கம் 7 ஜே × 16 இல் 205/55; பின்பக்கம் 8 ஜே × 16 இல் 225/50.
- 944 டர்போ எஸ்: முன்பக்கம் 7 ஜே × 16 இல் 225/50; பின்பக்கம் 9 ஜே × 16 இல் 245/45.
- 944 எஸ்2: டர்போ வண்டியை ஒத்த 16 அங்குல அளவுகள்.

பின்பக்க டயர் அகலமாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. முன்பக்கத்தில் மட்டும் அகலமான டயரைப் பூட்டினால் வளைவுகளில் பின்பக்கம் முதலில் வழுக்க நேரிடும்.

பிற வண்டிகளின் சக்கரங்கள்

5×130 அமைப்பைப் பல வண்டிகள் கொண்டுள்ளன. முதல் தலைமுறை பாக்ஸ்டரின் 17 அங்குலச் சக்கரங்கள் முன்பக்கம் 7 ஜே, விலகல் 55 எனவும் பின்பக்கம் 8.5 ஜே, விலகல் 50 எனவும் அமைந்தவை. எனவே அவை பிந்தைய விலகல் 944 வண்டிக்கு நெருங்கியவை. ஆனால் 8 ஜே, விலகல் 52.3 சக்கரத்துடன் ஒப்பிட்டால் பின்பக்கச் சக்கரம் ஏறத்தாழ 4 மிமீ உள்ளேயும் 9 மிமீ வெளியேயும் நீளும். இவ்வாறு கணக்கிட எளிய வழி உண்டு. அகலத்தின் பாதியுடன் விலகலைக் கூட்டினால் உள்நீட்டம் கிடைக்கும். பாதியிலிருந்து விலகலைக் கழித்தால் வெளிநீட்டம் கிடைக்கும்.

முந்தைய தலைமுறை ஃபோக்ஸ்வேகன் டுவாரெக் வண்டியின் சக்கரமும் 5×130 ஆகும். இது இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள வண்டிக்காகச் செய்யப்பட்டது என்பதால் கனமானது. தொங்கல் அமைப்பால் தாங்கப்படாத எடை கூடும்போது சக்கரம் மேடு பள்ளங்களைத் தொடர்ந்து தொட்டுச் செல்வது கடினமாகும்.

டயரின் அளவு

195/65 ஆர்15 என்ற குறியில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. ஆர் என்பது ஆரை அமைப்பு. 15 என்பது அங்குலத்தில் விளிம்பின் விட்டம். பெரிய சக்கரத்திற்கு மாறும்போது பக்கச்சுவரைக் குறைத்து முழு விட்டத்தை மாறாமல் காக்க வேண்டும்.

- 195/65 ஆர்15: 634.5 மிமீ
- 205/55 ஆர்16: 631.9 மிமீ
- 225/50 ஆர்16: 631.4 மிமீ
- 225/45 ஆர்17: 634.3 மிமீ
- 255/40 ஆர்17: 635.8 மிமீ

இதற்கு மாறாக 205/50 ஆர்16 டயரின் விட்டம் 611.4 மிமீ மட்டுமே. 205/55 டயருக்குப் பதிலாக இதைப் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். வேகமானி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். வண்டியும் 10 மிமீ தாழும். விட்டம் கூடினால் வேகமானி உண்மையை விடக் குறைவாகக் காட்டும் நிலை உண்டாகலாம்.

வேகக் குறியீடு

944 இன் பழைய கையேடுகளில் 195/65 விஆர்15 என்று காணப்படும். அக்கால முறையில் விஆர் என்பது மணிக்கு 210 கிமீ வேகத்திற்கு மேல் என்று பொருள்பட்டது. மேல் எல்லை குறிக்கப்படவில்லை. பிற்கால முறையில் வி என்பது 240 கிமீ வரை மட்டுமே. டபிள்யூ என்பது 270 கிமீ வரை, எச் என்பது 210 கிமீ வரை. 944 டர்போ மணிக்கு 245 கிமீ வேகத்தை எட்டும். எனவே கையேட்டில் உள்ள வி என்ற எழுத்தைப் பார்த்து இன்றைய வி டயரை வாங்குவது அவ்வண்டிக்குப் போதாது, டபிள்யூ தேவை.

வேகக் குறியீட்டிற்கு முன் வரும் எண் சுமைக் குறியீடு ஆகும். 91 என்பது ஒரு டயருக்கு 615 கிலோகிராம், 92 என்பது 630 கிலோகிராம். போர்ஷே ஏற்பளித்த டயர்களில் என் என்ற எழுத்தும் அதனை அடுத்து ஓர் எண்ணும் காணப்படும். நான்கு சக்கரங்களிலும் ஒரே தயாரிப்பைப் பூட்டுதல் நன்று.

டயரின் அகவை

பழைய விளையாட்டு மகிழுந்துகள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரே ஓடுவதுண்டு. ஆகவே டயரின் தடம் தேயுமுன் இரப்பர் முதுமையடைந்துவிடும். தடம் ஆழமாகத் தெரிவதால் டயர் நல்லது என்று கருதுவது ஆபத்தானது. கடினமான இரப்பர் ஈரச் சாலையில் பிடிப்பை இழக்கும்.

பக்கச்சுவரில் உள்ள டிஓடி குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் தரும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000 க்கு முன் செய்யப்பட்ட டயர். அதனை ஓட்டத்திற்குப் பயன்படுத்தலாகாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டுகளில் கட்டாயம் மாற்றுவதும் டயர் தயாரிப்பாளர்கள் பலரும் தரும் அறிவுரை.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சாண்டா கிளரிட்டாவில் போர்ஷே கரேரா ஜிடி வண்டி ஒன்று விபத்துக்குள்ளானது. அதில் நடிகர் பால் வாக்கரும் வண்டியை ஓட்டிய ரோஜர் ரோடாசும் உயிரிழந்தனர். 2014 இல் வெளியான விசாரணை முடிவு மிகை வேகத்தையே காரணமாகக் கூறியது. எனினும் வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழமையானவை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

சக்கரத்தைச் சோதித்தலும் பூட்டுதலும்

பெரும்பாலான அலாய் சக்கரங்கள் அலுமினியத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. ஃபுக்ஸ் சக்கரங்கள் அலுமினியத்தை அடித்து உருவாக்கியவை. அதனால் இலேசாகவும் உறுதியாகவும் உள்ளன. எவ்வகையாயினும், பழைய சக்கரத்தை வாங்குமுன் டயரைக் கழற்றி, உட்புற விளிம்பையும் ஆரக்கால்களின் அடியையும் வெடிப்புக்காகப் பார்க்க வேண்டும். புதிய பூச்சு வெடிப்பை மறைக்கும். வெல்டு செய்து ஒட்டிய சக்கரத்தைத் தவிர்க்க வேண்டும்.

போர்ஷே சக்கரங்களின் மரை அமரும் இடம் கோள வடிவானது. பிற தயாரிப்பாளர்களின் சக்கரங்கள் பல 60 பாகைக் கூம்பு வடிவானவை. மரைகள் பொருந்தாவிடில் ஓட்டத்தில் தளரும். மரைகளை 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கி, சுமார் 50 கிமீ ஓட்டிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். பின்னர் சக்கர நேர்த்தியைச் சரிபார்த்தல் நலம். இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால் புதியவை பின்பக்கத்திற்கே உரியவை.

செருமனியில் தொழிற்சாலை அளவிலிருந்து மாறுபட்ட சக்கரங்களுக்கு அனுமதிச் சான்று தேவை. பொதுவாகச் சக்கரத்திலேயே கேபிஏ எண் பொறிக்கப்பட்டிருக்கும். தடத்தின் ஆழம் குறைந்தது 1.6 மிமீ இருத்தல் வேண்டும். முப்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வழங்கப்படும் எச் எண் பலகை 1997 இல் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பெற வண்டி அதன் காலத்திற்குரிய நிலையில் இருக்க வேண்டும் என்பதால், மிகப் பெரிய புதுவகைச் சக்கரங்கள் அத்தகுதிக்குத் தடையாகலாம்.

இவற்றையும் பார்க்க

- போர்ஷே 924
- போர்ஷே 968
- உலோகக் கலவை
- ஏபிஎஸ் பிரேக்கு
- டயர்