பூவுக்கு முன்னால் தண்ணீர்

தோட்டக்கலை வரலாறு என்றதும் பூக்களும் புல்வெளிகளும்தான் நினைவுக்கு வரும். பம்பும் பைப்புமாகக் காலம் தள்ளுகிற என்னைப் போன்ற என்ஜினீயருக்கோ, “இத்தனைக்கும் தண்ணி எங்கேருந்து வந்தது?” என்றுதான் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியோடு இரண்டு தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்போமா, நண்பர்களே?

முதலாவது, ஈரானில் காஷான் நகரை ஒட்டியுள்ள ஃபின் தோட்டம். 16-ம் நூற்றாண்டின் கடைசியில், மன்னர் ஷா அப்பாஸ் காலத்தில் உருவானது. சுற்றிலும் வறண்ட பூமி. ஆனால் மேட்டில் ஒரு சுனை உண்டு. அந்த நீர் சரிவில் தானாக இறங்கி, வாய்க்கால்களில் ஓடி, நீரூற்றுகளில் பீறிடுகிறது. பம்பே கிடையாது! மேட்டு நீரின் அழுத்தம்தான் எல்லாம். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடித் தோட்டம் போனது. 2011-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது, பாரிசுக்கு அருகிலுள்ள வெர்சாய். பதினான்காம் லூயி மன்னருக்காக லெ நோத்ர் 1661 முதல் அமைத்தது. நூற்றுக்கணக்கில் நீரூற்றுகள், பக்கத்திலோ பெரிய ஆறு இல்லை. என்ன செய்வது? செய்ன் நதிக்கரையில் மார்லி இயந்திரத்தை நிறுவினார்கள். 1684-ல் ஓடத் தொடங்கிய அதில் 14 பிரம்மாண்டமான சக்கரங்கள், இருநூற்றுக்கு மேற்பட்ட பம்புகள். ஆற்று நீரைச் சுமார் 160 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது. மின்சாரமும் நீராவி எஞ்சினும் இல்லாத காலத்தில் இது லேசுப்பட்ட காரியமா? அப்படியும் தண்ணீர் பற்றவில்லை. மன்னர் வருகிற பக்கத்து ஊற்றுகளை மட்டும் திறந்துவிட, தோட்டக்காரர்கள் விசிலடித்துத் தகவல் சொல்வார்களாம்!

அதோடு விட்டார்களா? 1685-ல் யூர் நதியைச் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் கால்வாய் வெட்டிக் கொண்டுவரக் கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மண்வெட்ட அனுப்பினார்கள். காய்ச்சல் பரவி ஏராளமானோர் மடிந்தார்கள். 1688-ல் போர் மூளவே வேலை நின்றது. மறுபடி தொடரவே இல்லை. மென்தெனோன் என்ற ஊரில் பாதியில் நின்ற கல் வளைவுகளை இன்றும் பார்க்கலாம்.

வெர்சாய் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அழகின் எஸ்டிமேட்டில் இந்த உயிர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்கிறேன்.

படித்துக் கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே! நாளை ஒரு குடியிருப்புக்கோ தொழிற்சாலைக்கோ நீங்கள் பிளான் போடுவீர்கள். புல்தரைக்குப் பச்சை வர்ணம் தீட்டுமுன், தண்ணீர் வரும் வழியை முதலில் வரைந்து விடுங்கள்.